டாக்டர் ஹூவும் அதன் சண்டைக்கார ரசிகர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டிலும் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற கதையில் ஒரு நாள் திடீரென்று வேறொரு முகம் வந்து நிற்கும். திரையின் கீழே 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி வரும். 'முன்னாடி இருந்த பொண்ணுதான் பொருத்தம்' என்று வீட்டில் இரண்டு நாள் புலம்புவார்கள். அப்புறம் பழகிவிடும். பிரிட்டனில் பிபிசி நிறுவனம் அந்த ஒரு வரியையே கதைக்குள் இழுத்துப் போட்டு, 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தொடரை நடத்தியிருக்கிறது. டாக்டர் ஹூ என்று பெயர். அங்கே புலம்பல் இரண்டு நாளில் அடங்குவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்கு நான் பேச வந்ததும் அந்தப் புலம்பலைப் பற்றித்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்பவர் டைம் லார்ட் என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்தவர். போலீஸைக் கூப்பிடுவதற்காக அந்தக் காலத்தில் பிரிட்டன் தெருக்களில் நின்ற நீல நிறப் போலீஸ் பெட்டி, அதைப் போன்ற ஒன்றில் காலத்துக்குள் பயணம் செய்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் சின்னப் பெட்டி, உள்ளே போனால் பெரிய இடம். சாகப்போகும் நேரத்தில் அவர் உடம்பு மாறிவிடும். நினைவுகள் அப்படியே இருக்கும், முகமும் குணமும் வேறாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

தொடரின் முதல் பகுதி 1963 நவம்பர் 23-ஆம் தேதி ஒளிபரப்பானது. அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள். யாரும் சரியாகக் கவனித்திருக்க மாட்டார்கள் என்று அடுத்த வாரம் அதையே இன்னொரு முறை போட்டார்கள். தொடருக்கு வித்திட்ட சிட்னி நியூமன் ஒரு கட்டளை போட்டிருந்தார்: கண் பிதுங்கிய பூதங்கள் கூடவே கூடாது. பிள்ளைகள் வரலாறும் அறிவியலும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், அப்போது முப்பதுகூட ஆகாத இளம்பெண், இரண்டாவது கதையிலேயே டாலெக்குகளைக் கொண்டுவந்துவிட்டார். உலோகக் கூட்டுக்குள் உட்கார்ந்து கரகரத்த குரலில் கொல்லுவேன் என்று கத்தும் ஜந்துக்கள். நியூமன் கொதித்துப்போனார். ஆனால் நாடே டாலெக் பைத்தியம் பிடித்து அலைந்தது, தொடர் பிழைத்துக்கொண்டது. ஆக, இந்தத் தொடர் எப்படி இருக்க வேண்டும் என்ற முதல் சண்டையைப் போட்டவர்கள் அதை உருவாக்கியவர்களேதான். ரசிகர்கள் அப்புறம்தான் வந்து சேர்ந்தார்கள்.

1966-இல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது. பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். உடம்பு மாறும் ஏற்பாடே அதற்காக யோசித்ததுதான். பிபிசி அப்போது நேயர்களிடம் கருத்துக் கேட்டதில், நல்ல விஞ்ஞானியாக இருந்தவரைக் கோமாளி ஆக்கிவிட்டார்களே என்று நொந்துகொண்டவர்கள் உண்டு. அதே ட்ரௌட்டனைத்தான் பின்னால் டாக்டராக வந்த பல நடிகர்கள் தங்களுக்கு முன்மாதிரி என்று சொல்கிறார்கள்.

வானொலியில் பேசுவதால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் ஒளிப்பதிவு நாடா விலை அதிகம். பழையதை யார் திரும்பப் பார்க்கப்போகிறார்கள் என்று பிபிசி அவற்றை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. பிலிம் பிரதிகளும் குப்பைக்குப் போயின. அறுபதுகளில் வந்ததில் 90-க்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் இன்று இல்லை. ஆனால் ஒலி இருக்கிறது! காணாமற்போன ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி இருக்கிறது. எப்படி என்றால், ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்து, மைக்கைத் தொலைக்காட்சிப் பெட்டியின் ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துப் பதிவு செய்தார்கள். ஆளில்லாமல் ஓடிய தொடருக்கு இது நடக்காது. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் ஒன்பது பகுதிகள் படத்தோடு கிடைத்தபோது ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். இப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிற அதே ஆட்கள்தான் புதுப் பகுதி வந்த மறுநாள் 'எல்லாம் நாசமாப் போச்சு' என்பவர்களும்.

இப்போது எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடவே மாட்டேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986. தொடருக்குக் கெட்ட நேரம். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிபிசி மேலிடம் அதை ஒன்றரை ஆண்டுக்கு நிறுத்திவைத்திருந்தது. திரும்பி வந்தபோது 14 பகுதிகளுக்கு நீளும் ஒரு வழக்கு விசாரணைக் கதை. டாக்டரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். தொடரே நிற்குமா விழுமா என்று இருந்த நேரத்தில் இப்படியொரு கதை! முடிவை எழுத வேண்டிய மூத்த எழுத்தாளர் ராபர்ட் ஹோம்ஸ் பாதியில் இறந்துவிட்டார். கதைப் பொறுப்பாளர் தகராறு செய்துகொண்டு, கடைசிப் பகுதிக்குத் தான் எழுதியதையும் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிப் பேக்கர், ஜேன் பேக்கர் என்ற எழுத்தாளத் தம்பதியைக் கூப்பிட்டார்கள். முன்பு என்ன முடிவு யோசித்திருந்தார்கள் என்பதைக்கூட அவர்களிடம் சொல்ல முடியாத நிலை. சில நாட்களில் அவர்கள் எழுதித் தந்ததுதான் கடைசிப் பகுதி.

அது ஒளிபரப்பான கையோடு, நேயர்கள் குறை சொல்வதற்காகவே பிபிசி நடத்திய 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சியில் இந்தத் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். எதிரே ரசிகர் சங்கத்துப் பிள்ளைகள். அதில் 16 வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடத்து முகம் இன்னும் மாறாதவன், மரியாதை குறையாமல் கிழித்துத் தொங்கவிட்டான். கதை அரைத்த மாவு, எழுத்து சுமார், தாழ்வாரத்தில் இங்கேயும் அங்கேயும் ஓடுவதைத் தவிர ஒன்றுமில்லை என்றெல்லாம் சொன்னான். பேக்கர் தம்பதி தங்களால் முடிந்தவரை பதில் சொன்னார்கள். எந்த நெருக்கடியில் எழுதினார்கள் என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பையனின் பெயர் கிறிஸ் சிப்னல். 2018-இல் அந்தத் தொடரின் தலைமைப் பொறுப்பே அவர் கைக்கு வந்தது.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். எழுத்து சுமார், பாத்திரங்கள் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அறிவுரை அதிகம் என்று புதிய ரசிகர் தலைமுறை அவரைக் கிழித்தது. அந்த 1986 வீடியோத் துண்டைத் தேடியெடுத்து மறுபடி மறுபடி போட்டார்கள். சிப்னல் ஒருவர் மட்டுமில்லை. 1989-இல் நின்றுபோன தொடரை 2005-இல் மீட்டெடுத்த ரசல் டி டேவிஸ் ரசிகர். அவருக்குப் பின் வந்த ஸ்டீவன் மொஃபாட் ரசிகர். டாக்டராக நடித்த பீட்டர் கப்பால்டி 15 வயதில் தொடரைப் புகழ்ந்து எழுதிய கடிதம் 1974-இல் ரேடியோ டைம்ஸ் இதழில் அச்சாகியிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து வம்பு வளர்த்தவர்களே வீட்டுக்குள் போய்ச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. ரசிகர் கதை எழுதும்போது தன் பழைய வழக்கையும் சேர்த்தே எழுதிவிடுகிறார். 1976-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் வந்த ஒரு கதையில் டாக்டருக்கும் வில்லனுக்கும் மனப் போட்டி. திரையில் டாக்டரின் பழைய முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஹார்ட்னெல் வருகிறார். அவர்தானே முதல்? அதற்குப் பிறகும் முகங்கள் வருகின்றன! தயாரிப்புக் குழுவில் இருந்தவர்களே வேஷம் போட்டு நின்ற படங்கள் அவை. அப்படியானால் ஹார்ட்னெல்லுக்கு முன்னாலும் டாக்டர்கள் இருந்தார்களா? அதே ஆண்டு இறுதியில் இன்னொரு கதை, ஒரு டைம் லார்ட் 12 முறைதான் மாற முடியும் என்றது. அதை எழுதியவரும் நான் முன்பு சொன்ன ராபர்ட் ஹோம்ஸ்தான், முந்தைய கதைக்குப் பொறுப்பாளரும் அவரேதான். அவருக்கு இதெல்லாம் பெரிய கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை. அன்றைய வாரத்துக்கு எது சுவையோ அதை எழுதினார். ரசிகர்கள் விடவில்லை. டைம் லார்டுகளைக் கிழட்டு அரசியல்வாதிகளாகக் காட்டிவிட்டார் என்று ரசிகர் சங்கத் தலைவரே கண்டித்து எழுதினார். இன்று பழைய கதைகளில் மிகச் சிறந்தவை என்று ரசிகர்கள் போடும் பட்டியல்களில் அது தவறாமல் வருகிறது.

44 ஆண்டு கழித்து, 2020-இல், அந்த முகங்களுக்குச் சிப்னல் பதில் எழுதினார். டாக்டர் எங்கிருந்தோ வந்த குழந்தை, ஹார்ட்னெல்லுக்கு முன்பே எண்ணற்ற உருவங்கள் எடுத்தவர், டைம் லார்டுகளின் உருமாறும் சக்தியே அந்தக் குழந்தையிடமிருந்து எடுத்ததுதான் என்றார். பெரிய கலவரம். முதல் டாக்டரின் முதலிடத்தைப் பிடுங்கிவிட்டார் என்று கோபம். எனக்கு அந்தக் கோபம் இல்லை, யார் முதல் என்பது பெரிய விஷயமாகத் தோன்றவுமில்லை. இவ்வளவு பெரிய சங்கதியை வில்லன் சொல்லிக்கொண்டே போக, டாக்டர் சும்மா கேட்டுக்கொண்டு நிற்கிறாரே, அதுதான் என் வருத்தம். டேவிஸ் 2005-இல் நேர் எதிராகச் செய்தார். ஒரு போரில் டைம் லார்டுகள் எல்லோரும் அழிந்துபோனார்கள் என்று ஒரே அடியில் பழைய மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, கடையில் வேலை பார்க்கும் ரோஸ் என்ற பெண்ணின் கண்வழியே கதையைத் தொடங்கினார். 'அம்மா, காதலன் என்று குடும்பக் கதையாக்கிவிட்டார்' என்ற முணுமுணுப்பு அப்போதும் இருந்தது. ஆனால் புதிதாகப் பார்ப்பவர்கள் உள்ளே வர முடிந்தது.

பெண் டாக்டர் விவகாரத்தை விரிவாகப் பேச நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து விரலைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன். 2017-இல் நடிகை ஜோடி விட்டேக்கர்தான் அடுத்த டாக்டர் என்று அறிவிக்கப்பட்டபோது, பழைய மரபை உடைக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் கத்தியது. 1980-இலேயே, அப்போது டாக்டராக நடித்துக்கொண்டிருந்த டாம் பேக்கர் விலகும்போது, அடுத்து வருபவர் ஆணோ பெண்ணோ வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டுப் போனார். பூதம் கூடாது என்றாரே நியூமன், அவரே 1986-இல் டாக்டரைப் பெண்ணாக்குங்கள் என்று பிபிசிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மரபு என்று பேசுகிறவர்கள் இதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2025-இல் டாக்டர் கடைசியாக உருமாறியபோது, பழைய ரோஸாக நடித்த பில்லி பைப்பரின் முகத்தோடு வந்து நின்றாரே, அதைப் பற்றியும் குறித்துவைத்திருந்தேன். நேரமில்லை. எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்கள் 2007-இல் வந்த 'பிளிங்க்' பகுதியைப் பாருங்கள். முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை, டாக்டரே அதில் கொஞ்ச நேரம்தான் வருவார். வணக்கம்.