படுக்கை விரிப்பில் கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம். நம் வீட்டுப் பெரியவர்கள் 'எவாக்குவேஷன் காலம்' என்று ஒன்றைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1942 ஏப்ரல். ஐந்தாம் தேதி ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா, ஒன்பதாம் தேதி திருகோணமலை. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியானது. எங்கள் பாட்டி மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு, ஊறுகாய் ஜாடியைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு ரயில் ஏறினவர். மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலியையெல்லாம் சுட்டுவிட்டார்கள், கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமே என்று.

சரி, நமக்காவது ஓடிப்போக ஒரு கும்பகோணம் இருந்தது. திருகோணமலையில் குண்டு விழுந்த அதே ஒன்பதாம் தேதி அமெரிக்காவின் கையில் இருந்த பிலிப்பைன்ஸில் பட்டான் தீபகற்பம் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அதற்கு எதிரே, மணிலா விரிகுடாவின் வாயில், கொரிகிடோர் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே இருந்தவர்களுக்குப் பின்னால் கடல்தான்.

நான் முப்பது வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். அதனால் இந்தக் கதையில் என் கண் பீரங்கிப் பக்கம் போகாது, வார்டு பக்கம்தான் போகும். பட்டானில் மரத்தடியிலேயே கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். ஜனவரியிலிருந்தே அரை வயிற்றுச் சாப்பாடு. குதிரைப்படையின் குதிரைகளையே அறுத்துச் சாப்பிடும் நிலை. குண்டடி பட்டவர்களைவிட மலேரியாவில் விழுந்தவர்கள் அதிகம், கொயினா மருந்தோ போதவில்லை. அங்கே இருந்த அமெரிக்க ராணுவ நர்ஸுகள் ஆண்களுடைய தொளதொள ஓவராலை மாட்டிக்கொண்டு, கையையும் காலையும் மடித்துவிட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஏப்ரல் எட்டாம் தேதி இரவு, எல்லாரும் கொரிகிடோருக்குக் கிளம்புங்கள் என்று உத்தரவு. ஆயிரக்கணக்கான நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு. அந்த இரவை அவர்களில் சிலர் கடைசிவரை மறக்கவில்லை. எனக்கு அது நன்றாகப் புரிகிறது, ஒரு நோயாளியை ஒப்படைக்காமல் வந்தாலே நமக்குத் தூக்கம் வராது.

கொரிகிடோரில் மலிந்தா சுரங்கம். நம் ரிப்பன் மாளிகையை நீளவாக்கில் மூன்று முறை அடுக்கினால் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு நீளம், இரண்டு பக்கமும் கிளைகள், அந்தக் கிளைகளில் ஆஸ்பத்திரி. மேலே குண்டு விழும்போதெல்லாம் தூசி கொட்டும், விளக்கு அணையும், காற்றாடி நிற்கும். டார்ச் வெளிச்சத்தில் ஆபரேஷன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மே ஆறாம் தேதி அந்தத் தீவு சரணடைந்தது. அந்த நேரத்தில், இனி என்ன ஆகுமோ என்று தெரியாத நிலையில், ஒரு படுக்கை விரிப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, சுரங்கத்தில் இருந்த பெண்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் செத்துப்போனாலும் நாங்கள் இங்கே இருந்தோம் என்று யாருக்காவது தெரியட்டும் என்று. எங்கள் மருத்துவமனையில் ஷிஃப்ட் முடிந்ததும் ரிப்போர்ட் புத்தகத்தில் என்ன நடந்தது என்று எழுதி, கீழே பெயரைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். எனக்கு அந்தத் துணி அப்படித்தான் படுகிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புத்தகம் இல்லை, விரிப்பு இருந்தது. அதில் எழுதினார்கள்.

அப்புறம் மணிலாவில், சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஜப்பான்காரனின் சிறை. அங்கேயும் தலைமை நர்ஸ் மாட் டேவிசன் டூட்டி போட்டார், சீருடை போடச் சொன்னார். பசியில் நிற்க முடியாதபோதும் நாலு மணி நேரமாவது வார்டில் இருக்க வேண்டும். அவருக்கே உடல் எடை பாதியாகிவிட்டது. ராணுவ நர்ஸுகள் 66 பேர், கடற்படை நர்ஸுகள் 11 பேர், ஆக 77 பேர். 1945 பிப்ரவரியில் மீட்கப்பட்டபோது 77 பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை!

நிலையத்தார் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸ் நர்ஸுகளைப் பற்றித்தான் பாதி நேரம் பேச நினைத்து வந்தேன். பட்டானில் சண்டை போட்ட வீரர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டுக்காரர்கள்தான், அதே மரத்தடியிலும் அதே சுரங்கத்திலும் அந்த நாட்டுப் பெண்களும் இவர்களோடு நின்று கட்டுப் போட்டார்கள். அவர்கள் கதை இதைவிட நீளம். வணக்கம்.