2000 கெஜம் நூல்

நேயர்களுக்கு வணக்கம். தலைவர்கள் தம் கையால் செய்த கலைப்பொருளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். படம் வரைந்த தலைவர்கள் உண்டு. கவிதை எழுதியவர்கள் அதைவிட அதிகம். எனக்கு என்னவோ காந்தி நூற்ற நூல்தான் ஞாபகம் வந்தது.

நூல் நூற்பது ஒரு கலையா என்று கேட்பவர்கள் தக்ளியை, அதாவது கையால் சுழற்றி நூற்கும் சின்னக் கதிரை, தொட்டிருக்க மாட்டார்கள். திருநெல்வேலிப் பக்கம் நான் படித்த பள்ளியில் நூற்பு வகுப்பு உண்டு. ஒரு கையில் பஞ்சுப் பட்டை, மறு கையால் தக்ளியைச் சுண்டிவிட வேண்டும். கை கொஞ்சம் அவசரப்பட்டால் இழை அறுந்துவிடும், தயங்கினால் தடித்துவிடும். என் நூல் பாதி கயிறு, பாதி சிலந்தி வலை.

சமீபத்தில் பேத்தியை இங்கே மும்பையில் உள்ள மணி பவனுக்குக் கூட்டிப்போனேன். மாட்டுங்கா ரோடில் ரயில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினோம். 1917 முதல் 1934 வரை பம்பாய் வந்தால் காந்தி தங்கிய வீடு அது. இரண்டாவது மாடி அறையில் வெள்ளை மெத்தை, பக்கத்தில் ராட்டைகள்.

1921 செப்டம்பரில் நம் மதுரையில் சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறியவர், நவம்பரில் இந்த வீட்டில் உண்ணாவிரதம் இருந்தார். வேல்ஸ் இளவரசர் வந்திறங்கிய நாளில் ஊரே கலவரம். ஒத்துழையாமை பேசிய கூட்டமே பார்சிகளையும் கிறிஸ்தவர்களையும் அடித்தது. கதர் வந்தால் ஒற்றுமையும் கூடவே வரும் என்று நம்பியவருக்கு எப்படி இருந்திருக்கும்? எல்லாச் சமூகத்தாரும் சமாதானத்துக்கு வந்த பிறகே சாப்பிட்டார்.

சரி, ராட்டையை ஓரங்கட்டினாரா என்றால், இல்லை. 1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ் மாநாட்டுக்கு அவரே தலைவர். கட்சிச் சந்தாவே நூல்தான் என்றானது: மாதம் 2000 கெஜம். கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர், மாட்டுங்கா ரோடிலிருந்து தாதர் வரை இழுத்துப் பிடிக்கலாம். நூற்க மனமில்லாதவர் அதே அளவு நூலை வாங்கிக் கொடுக்கலாம். நடக்கிற காரியமா இது? மறு வருஷமே தளர்த்திவிட்டார்கள், நாலணா கொடுத்தாலும் போதும் என்று. எனக்கு அந்த நூல் சந்தா விதி பிடிக்கத்தான் செய்கிறது. பெரிய வக்கீல் நூற்றது எது, நெசவாளி வீட்டுப் பாட்டி நூற்றது எது? தறியில் ஏறிய பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. வக்கீலுடையது அறுந்து அறுந்து முடிச்சாக இருந்தால் ஒருவேளை தெரியலாம்.

பேத்தி ஒரு தக்ளி கேட்டிருக்கிறாள். மாட்டுங்கா கடைத்தெருவில் வாழை இலை முதல் வசம்பு வரை எல்லாம் கிடைக்கிறது. தக்ளியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.