பொலோன்யாவின் தாழ்வாரங்களில் ஒரு நடை

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

இத்தாலியின் இடைக்காலக் கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பிளாரன்ஸ், சியன்னா, வெனிஸ் என்று பெயர்களை அடுக்குவார்கள். அந்தப் பட்டியலில் பொலோன்யா பெரும்பாலும் ரயில் மாறும் இடமாகத்தான் வரும். நானும் முதல்முறை அப்படித்தான் அங்கே இறங்கினேன்; அடுத்த ரயிலுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. பிறகு அந்த ஊருக்காகவே இரண்டு முறை போய் வந்தேன். அங்கே கால்நடையாக அலைந்தபோது கண்ட ஒரு செய்தியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

அந்த ஊரில் நடப்பவர்கள் முதலில் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும் என்பேன். வீதியின் இரு மருங்கிலும், வீடுகளின் மேல்மாடி முன்னால் நீண்டு வந்து, வரிசையான தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் கிடைக்கும் கூரையிட்ட நடைவழியை அவர்கள் போர்த்திகோ என்கிறார்கள். நாம் தாழ்வாரம் என்று வைத்துக்கொள்வோம். பத்தடி தூரம் பளபளப்பான மொசைக் தரையில் நடக்கிறீர்கள். அது சட்டென்று முடிந்து தேய்ந்த செங்கல் தொடங்குகிறது. அதன் பிறகு கல், நடுவே ஓர் அரைப்படி இறக்கம், மறுபடியும் மொசைக். நகராட்சி போட்ட நடைபாதை என்றால் ஒரே சீராக அல்லவா இருக்கும்? இது வீட்டுக்காரர்களின் நிலம். தரை மாறும் கோட்டில் ஒரு சொத்து முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. அவரவர் வசதிக்கும் ரசனைக்கும் ஏற்பத் தளம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதன் மேல் நடந்து போகும் உரிமை ஊருக்கு. நிலம் தனியாருடையது, வழி பொதுவுடையது என்ற இந்த ஏற்பாட்டுக்கு வயது எழுநூறுக்கு மேல்.

இது எப்படி வந்தது? பொலோன்யாவின் பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை 1088 என்று கணக்கிடுகிறது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் சட்டம் படிப்பதற்கென்று ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களோடு வணிகர்களும் கைவினைஞர்களும் வந்தார்கள். மதிலுக்குள் இருந்த மனைகளோ நீளவில்லை. எனவே வீட்டுக்காரர்கள் மேல்மாடியின் உத்தரங்களை வீதியின் பக்கம் நீட்டி, அதன் மேல் ஓர் அறையைக் கூட்டிக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். கொஞ்சமாக நீட்டியபோது சாய்வுக்கட்டைகளே தாங்கின. ஆசை வளர வளர, கீழே வீதியிலேயே கம்பம் நட்டு முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. எந்த நகராட்சி அலுவலகத்தில் கேட்டாலும் இதற்கு ஆக்கிரமிப்பு என்றுதான் பெயர் சொல்வார்கள்.

ஆக்கிரமிப்பைக் கண்ட அரசுகள் இரண்டு வகையாக நடப்பதுண்டு: இடிக்கும், இல்லாவிட்டால் கண்டும் காணாமல் இருக்கும். பொலோன்யாவின் நகரசபை இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது வழியில் போயிற்று. 1288-இல் அது இயற்றிய சட்டத்தின்படி, இனிக் கட்டும் வீடுகளுக்குத் தாழ்வாரம் கட்டாயம். ஏற்கெனவே இல்லாத வீடுகளும் அமைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பராமரிக்கும் செலவு வீட்டுக்காரருடையது. வழியை மறிக்கும் உரிமை அவருக்கு இல்லை. உயரம் குறைந்தது 7 அடி இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். பொலோன்யாவின் அடி நம் அடியைவிடப் பெரியது, ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். ஆகவே 7 அடி என்பது சுமார் 2.66 மீட்டர். குதிரை மேல் இருப்பவர் தலை இடிபடாமல் போவதற்காக வைத்த அளவு என்று சொல்வார்கள். மேலே ஓர் அறை உனக்கு, கீழே ஒரு வழி எங்களுக்கு என்று ஊரும் வீட்டுக்காரரும் பேசி முடித்த வியாபாரமாகவே இதை நான் பார்க்கிறேன்.

1568-இல் இன்னோர் ஆணை வந்தது: மரத்தூண்களை எடுத்துவிட்டுச் செங்கல்லிலோ கல்லிலோ தூண் அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல வேளையாக எல்லோரும் கீழ்ப்படிந்துவிடவில்லை. ஸ்த்ராதா மாஜோரே என்ற பெருவீதியில் இருக்கும் இசோலானி வீடு 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முன்னால் ஓக் மரத் தூண்கள் ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. அருகே போய் அந்த மரத்தில் கை வைத்துப் பார்த்தேன். நிறம் கரியாகிவிட்டிருந்தது, நெடுக ஓடும் வெடிப்புகளில் விரல் நுழையும். தூணின் உச்சியில் இருபுறமும் கிளைக்கும் சாய்வுக்கட்டைகள் உத்தரத்தைத் தாங்கும் விதத்தைப் பார்த்தால், முட்டுக் கொடுத்த அந்தப் பழைய நாள் அப்படியே கண்முன் வந்துவிடுகிறது. அந்தக் கூரையில் மூன்று அம்புகள் தைத்திருப்பதாக ஊரார் காட்டுவார்கள். துரோகம் செய்த மனைவியைக் கொல்ல ஒரு கணவன் வில்லாளிகளை அனுப்பினான் என்றும், சாளரத்தில் அவள் ஆடையின்றி வந்து நின்றதைக் கண்டு அவர்களுக்குக் குறி தவறிவிட்டது என்றும் ஒரு கதை. கதையை நான் நம்பவில்லை. அம்புகளைத் தேடிக் கழுத்து வலிக்க நின்றது மட்டும் உண்மை, இரண்டைக் கண்டுபிடித்தேன்.

இன்று பழைய நகருக்குள் மட்டும் 38 கிலோமீட்டர், வெளியேயும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் தாழ்வாரம் இருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது சேர்ந்தது.

ஒரு கட்டட விதி இத்தனை காலம் நிலைக்கச் சட்டத்தின் மேல் அந்த ஊருக்கு ஒரு தனிப் பற்று இருந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று புனித பிரான்சிஸ் தேவாலயத்தின் புறத்தே நிற்கிறது. நான்கு புறமும் திறந்த தூண்களின் மேல் கூம்புக் கூரை வேய்ந்த மூன்று சமாதிகள் அவை. அக்கூர்சியோ, ஓதோபிரேதோ, ரோலாந்தீனோ தே ரோமான்சி ஆகிய 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர்கள் அங்கே உறங்குகிறார்கள். பழைய ரோமானியச் சட்ட நூல்களுக்கு வரிவரியாக உரை எழுதியவர்கள். மற்ற ஊர்களில் படைத்தலைவனுக்கும் பேராயருக்கும் எழுப்பும் நினைவிடத்தை இந்த ஊர் உரையாசிரியர்களுக்கு எழுப்பியிருக்கிறது. உரையாசிரியர்களைப் போற்றும் மொழியிலிருந்து போன எனக்கு அங்கே சற்று நேரம் கூடுதலாக நிற்கத் தோன்றியது.

நகரின் பெரிய சதுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வழிகாட்டி நூல்கள் அந்தப் பணியைச் செவ்வனே செய்கின்றன. 1390-இல் தொடங்கிய புனித பெத்ரோனியோ தேவாலயத்தின் முகப்பு கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல் என்று இன்றும் அரைகுறையாக நிற்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, எதிர்ப்புறத்துப் போதெஸ்தா மாளிகைக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அதன் அடியில் இரண்டு வழிகள் குறுக்கிடும் இடத்தில் ஒரு கவிமாடம் இருக்கிறது. அதன் நான்கு தூண்களின் தலையில்தான் அரேங்கோ என்னும் மணிக்கோபுரம் முழுவதும் நிற்கிறது. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மெல்லப் பேசினால் எதிர்மூலையில் சுவரைப் பார்த்து நிற்பவருக்குத் துல்லியமாகக் கேட்கிறது. நான் போனபோது ஒரு பாட்டியும் பேரனும் ஆளுக்கொரு மூலையில் முகம் புதைத்து நின்று ஏதோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐஸ்கிரீம் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

இனிக் கோபுரங்களுக்கு வருவோம். தாழ்வாரங்கள் பெருகிய அதே நூற்றாண்டுகளில் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கோபுரங்களையும் எழுப்பின. 80 முதல் 100 வரை இருந்திருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடு. இருபது சொச்சம்தான் எஞ்சியிருக்கின்றன. கட்டிய முறை எளியது: உள்ளே தடித்த சுவர், வெளியே மெல்லிய சுவர், இடையில் கல்லும் காரையும் கொட்டி நிரப்பியது. சாரம் கட்டச் செருகிய மரங்களின் குழிகள் இன்றும் வரிசையாகத் தெரிகின்றன. அடித்தளம் செலனைட்டு என்ற உள்ளூர் ஜிப்சக் கல். வெயில் பட்டால் கண்ணாடித் துகள்போல மின்னும். அழகான கல்தான், ஆனால் ஈரத்துக்கும் நெருப்புக்கும் ஆகாது. கோபுரம் குடும்பத்தின் பலத்தைக் காட்டியது, சண்டை வந்தால் ஒளிய இடம் தந்தது. தெருவில் போகிறவனுக்கு அதனால் நிழலைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

ஊர் நடுவே ஒன்றையொன்று ஒட்டினாற்போல இரண்டு நிற்கின்றன. 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லி ஒன்று. 48 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 4 பாகைச் சாய்வும் கொண்ட கரிசெந்தா மற்றொன்று. கரிசெந்தா முன்பு 60 மீட்டர் அளவுக்கு இருந்தது; நிலம் அமிழ்ந்து சாய்ந்துகொண்டே போனதால் 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் தலையை வெட்டிக் குறைத்தார்கள். அதற்கு முன்பே, முழு உயரத்தில் அதைப் பார்த்தவர் கவிஞர் தாந்தே. ‘தெய்வீக நாடகம்’ என்ற தம் காவியத்தில் நரகத்தைப் பாடும் பகுதியின் 31-ஆம் பாடலில், அந்தேயோ என்னும் அரக்கன் குனிந்த காட்சிக்கு இந்தக் கோபுரத்தை உவமை ஆக்குகிறார்: சாய்ந்த பக்கத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது, சாய்வுக்கு எதிராக ஒரு மேகம் மேலே கடந்தால், கோபுரமே நம்மீது கவிழ்வதுபோலத் தோன்றும் அல்லவா, அப்படி இருந்ததாம். வீதியில் நடந்து போகிறவனுக்கு மட்டுமே வாய்க்கும் உவமை.

இதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். 2023 அக்டோபரில் கரிசெந்தாவின் நிலை மோசமாகிவிட்டது என்று அஞ்சிச் சுற்றிலும் அடைத்துவிட்டார்கள். பிறகு தடுப்பு அரணும் எழுப்பினார்கள். ஆகவே நேர் கீழே நிற்க வழியில்லை. தடுப்புக்கு வெளியே, ஒரு தாழ்வாரத்தின் விளிம்பில் நின்றபடி காத்திருந்தேன். முதல் நாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மறுநாள் காலையில் காற்றோடு ஒரு வெள்ளை மேகம் வந்தது, கோபுரத்தின் மொட்டைத் தலையைத் தொட்டது, எதிர்த்திசையில் நகர்ந்தது. மேகம் நின்றுவிட்டது, கோபுரம்தான் வருகிறது. கால் தானாக இரண்டடி பின்வாங்கியது. தாழ்வாரத்தின் தூண் முதுகில் வந்து இடித்தது.