குடாநாட்டைச் சைக்கிளில் சுற்றப் போகிறீர்களா? முதலில் காற்றைக் கேளுங்கள்

அடுத்த கேள்வி கொழும்பில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. வேலை இடத்து நண்பர்கள், ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பேர், ஒரு சனி ஞாயிறு யாழ்ப்பாணம் வந்து சைக்கிளில் குடாநாட்டைச் சுற்ற வேண்டுமாம். அதில் மூன்று பேர் பள்ளிக்கூடம் விட்ட பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடலாம், எந்தப் பக்கத்தால் போவது நல்லது?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, கிலோமீற்றரைப் பிறகு பார்ப்போம். எந்த மாதம் வருகிறீர்கள் என்பதுதான் முதல் விஷயம்.

யாழ்ப்பாணம் முழுக்கத் தட்டை நிலம். ஏற்றம், இறக்கம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால் வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் எண்பது கிலோமீற்றர் சும்மா ஓடிவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே மலையின் வேலையைக் காற்றுத்தான் செய்யும். மே கடைசி தொடங்கி செப்டெம்பர் வரை சோளகம், தென்மேற்கில் இருந்து விடாமல் அடிக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதோடு வாடைக் காற்று. தை முடிந்து மாசி, பங்குனி வரும்போது மழை விட்டிருக்கும், காற்றும் தணிந்திருக்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்கியிருக்காது. முடிந்தால் அந்த இரண்டு மாதத்துக்குள் வாருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். திருவிழா பார்க்க வருவதென்றால் அது வேறு கதை. சைக்கிள் ஓட என்று வந்தால் தங்க அறை கிடைப்பதே கஷ்டம், சோளகமும் நிற்காது.

இரண்டு நாளில் முழுக் குடாநாட்டையும் சுற்றும் எண்ணத்தைக் கைவிடுங்கள். யாழ்ப்பாண நகரத்திலேயே இரண்டு இரவும் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை ஒரு சுற்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று என்று வையுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை, ஒருவருக்கு முடியாமல் போனாலும் திரும்பி வர ஒரே இடம்தான். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவதைவிட இங்கேயே வாடகைக்கு எடுப்பது சுகம். சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் விடுதிகள் இருக்கின்றன. எடுக்கும்போது ஒவ்வொருவரும் ஏறி இருந்து சீற் உயரத்தைச் சரி பார்க்க வேண்டும். சீற் தாழ்வாக இருந்தால் இருபது கிலோமீற்றருக்குள் முழங்கால் நோகத் தொடங்கிவிடும். பிறகு பழியைத் தூரத்தின்மேல் போடுவோம்.

மாசியில் வருகிறீர்கள் என்று வைத்துச் சொல்கிறேன். சனிக்கிழமை பருத்தித்துறை. கோப்பாய், நீர்வேலி, புத்தூர், வல்லை, நெல்லியடி என்று போகும் வீதி, ஒரு பக்கத்துக்கு 34 கிலோமீற்றர் அளவில் வரும். காலை ஆறு மணிக்கு முன் புறப்படுங்கள். நீர்வேலிப் பக்கம் செம்மண் தோட்டங்கள், வாழை, வெங்காயம். அதுவரை வீடும் மரமும் காற்றை மறைத்து நிற்கும். அதற்குப் பிறகு வல்லை வெளி. இரண்டு பக்கமும் கடல்நீரேரி, மறைப்புக்கு ஒரு மரம் இல்லை. மாசியில் காற்று வடகிழக்கில் இருந்து வருவதால் நேரே முகத்தில் அடிக்கும். அந்த வெளியைக் காலையில் காற்று எழும்ப முன் கடந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் ஆறு மணிக் கணக்கு. ஒன்பது மணிக்கு அதே இடத்தில் உழக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். காலைச் சாப்பாட்டை நெல்லியடியில் வைத்துக்கொள்ளலாம்.

பருத்தித்துறையில் தட்டை வடை கட்டாயம் வாங்குங்கள். உளுந்தும் செத்தல் மிளகாயும் சேர்த்து மெல்லிசாகத் தட்டிப் பொரிப்பது. கையால் உடைத்தால் சத்தம் கேட்கும். எண்ணெய் வடியாது, பையில் போட்டால் நாட்கணக்கில் கெடாது. வெயிலில் வியர்த்து ஓடுகிறவருக்கு உப்பும் உறைப்பும் சேர்ந்த இது, பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல்.

அங்கிருந்து கரையோடு மேற்கே வல்வெட்டித்துறை. இந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. காற்றைப் படிக்கத் தெரிந்தவர்களின் ஊர். அடுத்தது தொண்டைமானாறு, செல்வச் சந்நிதி முருகன் கோவில். அன்னதானக் கந்தன் என்று சொல்வார்கள். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வதை அங்கே பார்க்கலாம். மத்தியானத்தில் மடத்தில் சோறு கிடைக்கும். அரைக் காற்சட்டையோடு போகாதீர்கள். ஒரு வேட்டியோ நீளப் பாவாடையோ பையில் இருக்கட்டும். ஆண்கள் உள்ளே போகும்போது சட்டையைக் கழற்ற வேண்டும். சாப்பிட்டு, வெயில் தாழும்வரை நிழலில் இருந்துவிட்டு, மூன்றரை மணிபோல அச்சுவேலிப் பக்கத்தால் திரும்பினால் காற்று முதுகில் இருக்கும். பலாலிப் பக்கம் இராணுவ வலயம் இருப்பதால் கரையோடு காங்கேசன்துறை வரை போய்விடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

அன்று மொத்தம் எழுபது கிலோமீற்றருக்கு மேல் வரும். ஓடிப் பழக்கமில்லாத மூன்று பேருக்கு இது கூடுதல். அதற்கு ஒரு பட்டா வாகனத்தை (சின்ன லொறி) முதல் நாளே பேசி, பத்து மணிக்குப் பருத்தித்துறையில் நிற்கச் சொல்லுங்கள். களைத்தவர்கள் சைக்கிளோடு ஏறிச் சந்நிதிக்குப் போய்க் காத்திருக்கலாம். பத்துப் பேருக்குப் பிரித்தால் பெரிய காசு இல்லை. யாருக்கும் இதில் வெட்கமும் வேண்டாம். சோளக காலத்தில் வருவதென்றால் எல்லாருக்குமே இந்த வாகனம் வேண்டும். போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். திரும்பி வரும்போதுதான் அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தீவுப் பக்கம். தூரம் குறைவு, ஐம்பது கிலோமீற்றர் அளவில்தான். ஆனால் எந்தப் பக்கத்தால் சுற்றுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நகரத்தில் இருந்து பண்ணைப் பாலத்தால் மண்கும்பான், வேலணை, ஊர்காவற்துறை போகலாம். அங்கே பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் சைக்கிளை ஏற்றிக் கடலைக் கடந்தால் காரைநகர். ஒரு கிலோமீற்றர்கூட இல்லாத கடல், நடுவில் பழைய கடற்கோட்டை தெரியும். காரைநகரில் இருந்து பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை, மானிப்பாய் வழியாக நகரத்துக்குத் திரும்பலாம். இதையே மறுபக்கமாகவும் சுற்றலாம்.

மாசியில் பண்ணைப் பக்கத்தால் போங்கள். காலையில் பண்ணைப் பாலத்தில் காற்று பின்னால் இருக்கும். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் தடிகளை நட்டுக் கட்டிய சிறகு வலைகளைப் பார்த்துக்கொண்டே உழக்கலாம். எதிர்க்காற்றோடு திரும்பும்போது பொன்னாலைப் பாலம் மட்டும்தான் வெட்டவெளி. அதற்குப் பிறகு வட்டுக்கோட்டை, மானிப்பாய் எல்லாம் வேலியும் மதிலும் மாமரமும் உள்ள ஊர்கள், காற்று அவ்வளவாகப் பிடிக்காது. சோளகத்தில் அப்படியே மாற்றுங்கள். ஊர்களுக்குள்ளால் காரைநகர் போய், ஊர்காவற்துறையில் இறங்கி, பண்ணையால் திரும்புங்கள். தென்மேற்குக் காற்று உங்களை நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தூரம் ஒன்றேதான், உடம்பு படும் பாட்டில் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

தீவுகளில் பல இடத்துக் கிணறுகள் உவர். கடைகளும் தூரத் தூரத்தில்தான். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் நகரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நெருஞ்சியும் உடை முள்ளும் ரயரைக் குத்தும். நகரத்துப் பக்கம் சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை உண்டு. தீவில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், அதை நம்ப முடியாது. பம்பும் ஒட்டுச் சாமானும் இரண்டு ரியூப்பும் கையில் வேண்டும்.

பத்துப் பேரும் ஒரு கூட்டமாக ஓடாதீர்கள். பருத்தித்துறை வீதியில் பஸ்காரர் வேகமாக வருவார்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, ஒருவர் பின் ஒருவராக, இடது ஓரத்தால் போங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் மெதுவாக ஓடுகிறவரை முன்னுக்கு விடுங்கள். அவருடைய வேகம்தான் எல்லாருடைய வேகமும். பம்ப் வைத்திருக்கிறவர் கடைசியில் வரட்டும், அவர் யாரையும் முந்தக் கூடாது. நின்று நின்று போகும்போது மணிக்குப் பத்து கிலோமீற்றர் என்று கணக்குப் பண்ணுங்கள், அது போதும்.

இன்னொன்று, வடமராட்சி கிழக்கு, முகமாலை, பளை என்று ஆசைப்பட்டு யாராவது தனியாகப் போனால், வீதியை விட்டு இறங்கக் கூடாது. படம் எடுக்க என்றாலும், ஒதுங்க என்றாலும் பற்றைக்குள் கால் வைக்க வேண்டாம். போர்க் காலத்து மிதிவெடி இருக்கலாம். எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்திலும் ஊர்ச்சனத்திடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

சனிக்கிழமை பின்னேரம் விடுதிக்காரரிடம் சொல்லி, அடுத்த நாள் பாதை ஓடுகிறதா என்று ஊர்காவற்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். திருத்த வேலை என்று நிற்கிற நாட்கள் உண்டு. ஓடவில்லை என்றால் வேலணையில் சாட்டிக் கடற்கரை வரை போய்க் குளித்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். அப்படியென்றால் காற்று எழும்ப முன் பண்ணைப் பாலத்துக்கு வந்துவிட வேண்டும், பத்து மணிக்குள்.