மாடிக்கு முன்னால் கடைக்கால்

வணக்கமுங்க. திருப்பூர், ஈரோடு, கோவை என்று நம்ம பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் மொட்டை மாடியில் துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பையன் கல்யாணத்துக்கு மேலே ஒரு வீடு எடுத்துக்கலாம் என்று விட்டு வைத்தவை. கம்பி நிற்கிறதே, மாடியைத் தாங்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஒரு கட்டுமானப் பொறியாளனாக என்னைக் கவலைப்பட வைப்பது அந்த நம்பிக்கைதான்.

எடையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக்கு 5 அங்குல காங்கிரீட் போட்டால், அது மட்டுமே சுமார் 29 டன். 9 அங்குலச் செங்கல் சுவர், 10 அடி உயரத்துக்கு, ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 400 கிலோ. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இன்னொரு டன். இத்தனையும் கடைசியில் போய் உட்காருவது கடைக்காலில், அதாவது அஸ்திவாரத்தில்.

அதனால் மேஸ்திரியிடம் ரேட் பேசும் முன்பே, கடைக்கால் ஓரமாக ஒரு குழி தோண்டிப் பாருங்கள். எத்தனை அடி ஆழம், எவ்வளவு அகலம், அடியில் பாறையா, செம்மண்ணா, கரிசலா? பல்லடம், சூலூர்ப் பக்கம் கரிசல் உள்ள இடங்களில் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மூலைவாட்டில் சுவரில் விரிசல் விட்டிருந்தால் பூச்சு பூசி மறைக்காதீர்கள், பொறியாளரிடம் காட்டுங்கள்.

பில்லர் இல்லாமல் சுவர் மேலேயே நிற்கிற பழைய வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். கீழே கடை வாடகைக்கு விட முன்சுவரை இடித்து ஷட்டர் போட்டுவிட்டு, அதே வீட்டின் மேல் மாடியும் எழுப்புவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தாங்குகிற சுவரையும் எடுத்துவிட்டு, சுமையையும் ஏற்றினால் எப்படி? 1900 பிப்ரவரியில் கோவையை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 6. நம்ம ஊரில் பூமி ஆடாது என்று சொல்ல முடியாது.

அப்புறம் அந்தக் கம்பிகள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு கம்பியின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். 12 எம்எம் கம்பியில் புதுக் கம்பியைச் சேர்க்க, பழையது குறைந்தது 2 அடியாவது வெளியே இருக்க வேண்டும். பல வீடுகளில் ஒரு முழம்கூட இருப்பதில்லை.

கடைக்கால் தாங்காது என்று தெரிந்தால், உள்ளே காற்றுத் துளைகள் கொண்ட, எடை குறைந்த ஏஏசி கல், இரும்புச் சட்டம், ஷீட் கூரை என்று போகலாம். அது தாங்குமா என்பதையும் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். ஷீட்டை மட்டும் ஆடிக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கிற மாதிரி நன்றாக முடுக்கிவிடச் சொல்லுங்கள்.