டெசாரு அலை: எந்த மாசம் போகலாம், எந்த நாள் போகக் கூடாது

வணக்கம் மக்களே! நான் இப்ப சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல நிக்கிறேன். மைக்ல காத்துச் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க, ஜனவரிக் காத்து அப்படித்தான். ஆனா பின்னாடி கடலைப் பாருங்க. இவ்வளவு காத்து அடிச்சும் அலை முழங்கால் உயரத்துக்குக்கூட வரல. சிங்கப்பூர்ல எங்க சர்ஃப், அதாவது அலைச்சறுக்கு, பண்ணலாம்னு கேக்குற தம்பி தங்கச்சிங்களுக்கு நேரடியாவே சொல்லிடுறேன், இங்க பண்ண முடியாது. ஆனா இதே நேரத்துல, இதே காத்து, கார்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம் தள்ளி, மலேசியாவோட ஜொகூர் கிழக்குக் கரையில இருக்குற டெசாருல நெஞ்சு உயரத்துக்கு அலையைத் தூக்கிக்கிட்டிருக்கு.

ஏன் இங்க இல்ல, அங்க இருக்கு? அலை உருவாக மூணு விஷயம் வேணும். காத்து எவ்வளவு வேகமா அடிக்குது, எவ்வளவு நேரம் விடாம அடிக்குது, எவ்வளவு தூரம் தடையில்லாம தண்ணி மேல ஓடுது. நம்மகிட்ட மூணாவது கிடையாது. வடக்க ஜொகூர், தெற்க பாத்தாம், கிழக்க பிந்தான், மேற்க சுமத்ரா. எல்லாப் பக்கமும் மறைவு. ஜொகூரோட கிழக்குக் கரை அப்படி இல்ல. அது நேரா தென்சீனக் கடலைப் பார்த்து இருக்கு. சில தீவுக்கூட்டங்களைத் தவிர வடகிழக்குப் பக்கம் ரொம்ப தூரத்துக்குப் பெரிய நிலமே கிடையாது. தைவான் பக்கத்துல கிளம்புற காத்து கடல் மேலயே ஓடி அங்க வந்து சேரும்.

அந்தக் காத்துதான் வடகிழக்குப் பருவக்காத்து. ஊர்ல சென்னைக்கு மழை கொண்டுவர்ற அதே காத்து. நமக்கு டிசம்பர்ல இருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும். ஆனா இந்த மூணு மாசமும் ஒரே மாதிரி அலை வரும்னு நினைச்சுடாதீங்க. இந்தக் காத்து விட்டு விட்டுத்தான் பலமா வரும். சைபீரியாப் பக்கம் குளிர்காத்து சேர்ந்து சேர்ந்து கனமாகி, ஒரு கட்டத்துல சீனா வழியா தெற்க சரிஞ்சு இறங்கும். வானிலைக்காரங்க இதை மான்சூன் சர்ஜ்னு சொல்லுவாங்க. அப்ப ஹாங்காங்ல திடீர்னு குளிரும், அடுத்த சில நாள்ல நம்ம பக்கம் கடல் எழும்பும். அதனால டிசம்பர் வந்துட்டா நான் ஹாங்காங் வானிலையையும் தவறாம பார்ப்பேன். அங்க ஜாக்கெட் போட ஆரம்பிச்சாங்கன்னா நான் என் போர்டை வெளிய எடுத்து வெச்சிடுவேன்.

இங்கதான் நெறைய பேர் அவசரப்படுறாங்க. ஃபோர்காஸ்ட் ஆப்ல அலை உயரம் 2 மீட்டர், 2.5 மீட்டர்னு பெரிய நம்பர் தெரிஞ்சதும், அதுதான் நல்ல நாள்னு கிளம்பிடுறாங்க. தயவுசெஞ்சு அன்னைக்குப் போகாதீங்க. டெசாருக் கரை கிழக்கப் பார்த்தது, சர்ஜ் காத்து வடகிழக்குல இருந்து நேரா கரையைப் பார்த்து அடிக்கும். அப்ப அலைக்கு உருவமே இருக்காது. எல்லா இடத்துலயும் ஒரே சமயத்துல உடையும். வெள்ளை நுரை, பழுப்புத் தண்ணி, ஆத்து வாய்ல இருந்து அடிச்சுட்டு வந்த மரக்கட்டை. நீங்க எவ்வளவு துடுப்புப் போட்டாலும் உள்ள போக முடியாது. 2025 ஜனவரி 10, 11 தேதில வந்த சர்ஜ் ஞாபகம் இருக்கா? ஜனவரி மாசம் முழுக்க சாங்கியில சராசரியா பெய்யுற மழையைவிட அதிகமா அந்த ரெண்டே நாள்ல கொட்டுச்சு. அந்த மாதிரி நேரத்துல கடற்கரைப் பக்கமே போக வேண்டாம்.

காத்து அடங்குன அடுத்த நாளும் அதுக்கு மறுநாளும்தான் நீங்க போக வேண்டிய நாள். காத்து போயிடும், ஆனா அது கடல் நடுவுல எழுப்பிவிட்ட அலை இன்னும் வந்துக்கிட்டே இருக்கும். அதுவும் விடிகாலையில. ராத்திரி நிலம் சீக்கிரம் குளிர்ந்து, கரையில இருந்து கடலைப் பார்த்து லேசா ஒரு காத்து வீசும். அந்தக் காத்து அலையோட முகத்தைத் தடவிவிட்ட மாதிரி வழவழன்னு ஆக்கிடும், அலையும் கொஞ்ச நேரம் நின்னு உடையும். ஜனவரியில விடியவே 7 மணிக்கு மேல ஆகும். 7ல இருந்து 10 வரைக்கும்தான் அந்த நேரம். அதுக்கு மேல வெயில் ஏறினா கடல்காத்து திரும்பி கரையைப் பார்த்து அடிக்க ஆரம்பிச்சிடும்.

இப்ப ஆப்பை எப்படிப் படிக்கணும்னு பார்க்கலாம். உயரத்துக்குப் பக்கத்துலயே செகண்ட் கணக்குல இன்னொரு நம்பர் இருக்கும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அது சொல்லும். நம்ம கடல்ல பெரும்பாலும் 6, 7, 8 செகண்ட்தான் வரும். இந்துமாக்கடல்ல பாலிக்கு வர்ற அலை 14, 15 செகண்ட் சாதாரணமா இருக்கும், அதனாலதான் அங்க அவ்வளவு பலம். நம்ம பக்கம் 1.8 மீட்டர், 6 செகண்ட்னு இருந்தா நான் வீட்டுலயே இருப்பேன். 1.2 மீட்டர், 8 செகண்ட், காத்து கம்மின்னு இருந்தா கண்ண மூடிட்டுக் கிளம்புவேன். இடைவெளி கூடினா அலை ஒழுங்கா வரிசையா வரும், நடுவுல மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். புதுசா கத்துக்குறவங்களுக்கு அந்த ரெண்டு செகண்ட் ரொம்பப் பெரிய விஷயம்.

இன்னொண்ணு. டிசம்பரும் பிப்ரவரியும் ஒரே சீசன்னு சொல்லுவாங்க. எனக்கு ரெண்டும் வேற வேற கடல். டிசம்பர்ல இருந்து ஜனவரி நடு வரைக்கும் மழைக்காலம். அலை பெருசு, தண்ணி கலங்கல், நீரோட்டம் பலம். ஸ்கூல் லீவுன்னு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்களும் அப்பதான் அதிகம், அதுதான் எனக்குக் கவலை. பொங்கல் தாண்டி, தைப்பூசம் வர்ற சமயத்துல மழை குறைஞ்சிடும். காத்து இருக்கும், ஆனா வானம் வெளுத்திருக்கும். தண்ணி பச்சையா தெளிஞ்சிடும். அலை இடுப்பு உயரம், நெஞ்சு உயரம்னு நிதானமா வரும். முதல் தடவை போர்டு மேல ஏறி நிக்கணும்னு ஆசை இருக்குறவங்க பிப்ரவரியில போங்க. மார்ச் வந்துட்டா காத்து தளர்ந்துடும். மாசக் கடைசிக்குள்ள கடல் படுத்துடும்.

இடம்னு பார்த்தா, டெசாரு ரிசார்ட் வரிசைக்குக் கொஞ்சம் தெற்க பத்து லாயார். சிங்கப்பூர் சர்ஃப் ஆளுங்க அதிகமா போறது அங்கதான். மணல் கரை, நடுவுல பாறை. போய் இறங்கினதும் போர்டைத் தூக்கிட்டு ஓடாதீங்க. ஒரு கால் மணி நேரம் கரையில நின்னு பாருங்க. அலை எங்க உடையுது, எங்க உடையல? ரெண்டு பக்கமும் வெள்ளையா உடைஞ்சுக்கிட்டு, நடுவுல ஒரு பட்டை மட்டும் அமைதியா, கருமையா, மேல நுரை துணுக்குகள் கடலைப் பார்த்து நகர்ற மாதிரி தெரியுதா? பார்க்குறதுக்கு அதுதான் பாதுகாப்பான இடம் மாதிரி இருக்கும். அங்கதான் குடும்பமா வர்றவங்க பிள்ளைங்களை இறக்குறாங்க. அது ரிப் கரண்ட். கரையில மோதின தண்ணி எல்லாம் அந்த வழியாத்தான் திரும்பிப் போகுது. மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீங்க, சக்தி போயிடும். மிதந்துக்கிட்டே இருங்க, கையைத் தூக்குங்க, முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அலை உடையுற இடத்துக்கு வாங்க, அலையே உங்களைக் கரைக்குத் தள்ளிவிடும். போர்டு இருந்தா அதை விடவே கூடாது, அதுதான் உங்க மிதவை. உயிர்காப்பாளர் எல்லா இடத்துலயும் இருப்பாங்கன்னு நம்பாதீங்க. சிவப்புக் கொடி பறந்தா திரும்பி வந்துடுங்க. மலேசியாவுல அவசர எண் 999.

ஓதத்தையும், அதாவது கடல் தண்ணி ஏறி இறங்குறதையும், பாருங்க. தண்ணி நிறைஞ்சிருக்குறப்ப அலை கரையோரம் வந்து ஒரே அடியா தரையில குத்தும். கழுத்துக்கும் தோளுக்கும் ஆபத்து. வத்தி, ஏற ஆரம்பிக்குற நேரம்தான் எனக்குப் பிடிச்சது, அப்ப மணல் திட்டு மேல அலை உடைஞ்சு நீளமா ஓடும்.

இந்தக் கரையைச் சாதாரணமா நினைக்காதீங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமெய் புயல் இந்தத் தென்கிழக்கு ஜொகூர்லதான் கரையைக் கடந்துச்சு. சிங்கப்பூருக்கு வடகிழக்க சுமார் 60 கிலோமீட்டர்தான். நில நடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்துல, ஒன்றரை டிகிரியில, புயலே உருவாகாதுன்னு பாடத்துல படிச்சிருப்போம். உருவாச்சு. ஒரு பலமான சர்ஜும், போர்னியோ பக்கத்துல சுழன்டுக்கிட்டிருந்த காத்தும் சேர்ந்து உருவாக்குன புயல் அது.

கொஞ்சம் அனுபவம் வந்தவங்க மலேசியாவோட பகாங் மாநிலத்துல இருக்குற செராத்திங் போங்க. அங்க முனையைச் சுத்தி வளைஞ்சு வர்ற அலை, இடப்பக்கமா நீளமா ஓடும். லாங்போர்டுக்கு, அதாவது நீளமான போர்டுக்கு, அருமை. நவம்பர் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் அந்த ஊரே அலைக்காகத்தான் முழிச்சிருக்கும். ஒரு ராத்திரியாவது தங்குங்க, ஒரே நாள்ல போய்ட்டு வர்ற தூரம் இல்ல. பிந்தான்லயும் கிழக்குக் கரையில, திரிக்கோராப் பக்கம், இதே சீசன்ல அலை உண்டு. ஆனா பலமான சர்ஜ் நேரத்துல படகே ஆடும், அதையும் கணக்குல வெச்சுக்குங்க.

ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் டெசாரு வெறும் குளம். காத்து தென்மேற்குல இருந்து, நிலத்துல இருந்து கடலைப் பார்த்து அடிக்கும். அலையை அழகாக்குற திசைதான், ஆனா அழகாக்க அலை இல்ல. விடிகாலையில சுமத்ரா ஸ்குவால், அதாவது சுமத்ராப் பக்கம் இருந்து வர்ற இடிமழைக் காத்து, வந்தா ஒரு மணி நேரம் பேய்க்காத்து, அப்புறம் ஒண்ணும் இருக்காது. அந்த மாசங்கள்ல நீச்சலைப் பலப்படுத்துங்க. என்னைக் கேட்டா ஊருக்கு டிக்கெட் போடுங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சென்னைப் பக்கத்துக் கோவளமும் மாமல்லபுரமும் நல்லா இருக்கும். தெற்க இந்துமாக்கடல்ல கிளம்புற அலை வந்து சேரும், மேற்குக் காத்து காலையில அதைச் சுத்தமா வெச்சிருக்கும். 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்துலதான் நடந்துச்சு. அங்க சொல்லித்தர்றதுல நெறைய பேர் மீனவக் குடும்பத்துப் பசங்க, தமிழ்லயே கத்துக்கலாம். தாத்தா பாட்டியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. எங்க அம்மாகிட்ட நான் அப்படித்தான் அனுமதி வாங்கினேன்.

போறதைப் பத்திச் சுருக்கமா. சிங்கப்பூர் வண்டின்னா விஇபி, அதாவது வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள்ள நுழையுற அனுமதி, கட்டாயம். 2025 ஜூலையில இருந்து இல்லாம போனா 300 ரிங்கிட் அபராதம். ஜொகூர்ல 2025ல இருந்து வாராந்திர விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிடுச்சு, அதனால நம்மளும் அவங்களும் ஒரே நாள்ல ரோட்டுல நிப்போம். விடிகாலை 4 மணிக்கு உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டிட்டா நல்லது. அப்புறம் செனாய் டெசாரு நெடுஞ்சாலை, நேரா போயிடலாம். சிங்கப்பூர் தானா மேரா படகுத்துறையில இருந்து டெசாருவுக்கு படகுச் சேவையும் இருக்கு, ஆனா போர்டை ஏத்துவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்குங்க.

சரி, இந்த வாரம். ஹாங்காங்ல முந்தாநாள் குளிர் இறங்கிடுச்சு. நம்ம பக்கம் வியாழன், வெள்ளி காத்தும் மழையும். சனிக்கிழமை காத்து குறையும், ஆனா கடல் இன்னும் குழம்பித்தான் இருக்கும். ஞாயிறு 1.3 மீட்டர், 8 செகண்ட், காலையில மேற்குக் காத்து லேசா காட்டுது. நான் ஞாயித்துக்கிழமை போறேன். பத்து லாயார்ல என்னைப் பார்த்தா வந்து பேசுங்க, உள்ள இறங்குறதுக்கு முன்னாடி ரிப் எங்க இருக்குன்னு சேர்ந்தே பார்த்துடலாம்.