தாடையில்லாத மீனின் சாப்பாடு

வணக்கம். இன்றைக்கு ஹேக்ஃபிஷ் என்ற ஆழ்கடல் மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விலாங்கு மாதிரி நீளமாக, வழவழவென்று இருக்கும். படத்தைக் காட்டியதும் முன்வரிசையில் சிலர் முகம் சுளித்தீர்கள். பரவாயில்லை. அது எப்படிச் சாப்பிடுகிறது என்று கேட்டுவிட்டு, அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

இந்த மீனுக்குத் தாடை கிடையாது. கண்ணும் பெயரளவுக்குத்தான். ஒரே ஒரு மூக்குத்துவாரம், வாயைச் சுற்றி மீசை, வாய்க்குள் நீட்டி மடக்கக்கூடிய பல்வரிசை. இருட்டில் வாசனை பிடித்தே போகிறது. கலிஃபோர்னியாவுக்கு அப்பால் இறந்த திமிங்கிலங்களை ஆய்வாளர்கள் ஆழத்தில் இறக்கிவிட்டுக் கவனித்தார்கள். நூற்றுக்கணக்கில் ஹேக்ஃபிஷ் வந்து மொய்த்தன. சுறா முதலான மற்ற பிணந்தின்னிகளும் சேர்ந்துகொள்ள, ஒரு நாளைக்கு 40 முதல் 60 கிலோ சதை தீர்ந்துகொண்டே வந்தது.

சரி, தாடை இல்லாமல் சதையைப் பிய்ப்பது எப்படி? கறியைக் கடித்து இழுக்கும்போது நாம் எலும்பைக் கையால் பிடித்துக்கொள்கிறோம். நாய் முன்காலால் அமுக்கிக்கொள்கிறது. இதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அதனால் பல்லைப் பதித்துவிட்டு, வால்பக்கம் தன் உடம்பையே முடிச்சாகப் போடுகிறது! தோல் தொளதொளவென்று இருப்பதால் அது முடிகிறது. முடிச்சு மெல்லத் தலைப்பக்கம் நகர்ந்து வந்து இரைமேல் முட்டி நிற்கும். அதை அண்டக்கொடுத்துத் தலையைப் பின்னால் இழுத்தால் சதை கையோடு வருவது போல வந்துவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவே இல்லை.

அப்புறம், செத்த உடலுக்குள்ளேயே நுழைந்து தின்னும். 1758-இல், உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் என்ற அறிஞர் இதைப் புழுக்களோடு சேர்த்து வைத்தார். மீனுக்குள் புகுந்து தின்பது என்றும் எழுதினார். உள்ளே கிடக்கும்போது வாய் மட்டும் வேலை செய்வதில்லை. நீரில் கரைந்திருக்கும் அமினோ அமிலங்களை, அதாவது புரதத்தின் சிறு கூறுகளை, தோலும் செவுளும் நேராக உறிஞ்சிக்கொள்கின்றன என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள். முதுகெலும்பில்லாத கடலுயிர்கள் பல செய்கிற காரியம் இது. மீன் வகையில் யாரும் எதிர்பார்க்கவில்லை. இப்படிக் கிடைத்தபோது சேர்த்துக்கொண்டு, பிறகு மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும்.

பிணம் தின்பது மட்டும்தானா? அதே 2011-இல் நியூசிலாந்துக் கடலடியில் வைத்த கேமராக்களின் பதிவுகள் வெளியாயின. ஒரு ஹேக்ஃபிஷ் மணலில் இருந்த வளைக்குள் தலையை விட்டது. உள்ளே ஒரு சிறு மீன் பதுங்கியிருந்தது. கொஞ்ச நேரம் உடம்பு அசைந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி சுருண்டு முடிச்சானது. அந்த முடிச்சின் பலத்தில், உயிரோடு ஒளிந்திருந்த மீனை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது.